ஹார்லன் கழுவிய அட்டை

வெண்டல் புல்லியம் ரிச்மண்ட் நகரப் பேருந்துகளுக்கு முப்பத்தோரு வருடம் பிரேக் பார்த்தவர். சனிக்கிழமையானால் மாநில நூலகத்துக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பேஸ்பால் வீரர்களின் பட அட்டைகள்தான் அவருடைய பைத்தியம். அவருக்கு விலை முக்கியமில்லை. எங்கே அச்சானது, யார் அச்சடித்தார்கள் என்று தெரிய வேண்டும்.

அதிலும் ஓர் அட்டை அவரைத் தூங்கவிடவில்லை. மற்றவற்றில் கறுப்பாக இருக்கும் தொப்பி அதில் மட்டும் நீலம். எல்லாம் நியூயார்க்கில் அச்சானது என்பார்கள் சேகரிப்பாளர்கள். இல்லை, இந்த நீலம் நம்மூர் ஆற்றங்கரையில் இருந்த சின்ன அச்சகத்தின் நீலம் என்று பதினொரு வருடமாகச் சொல்லி, சேகரிப்பாளர் சங்கத்தில் கேலிப்பட்டுக்கொண்டிருந்தார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் சாட்சி கிடைத்தது. அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவரின் மகள் ஓபல், அப்பாவின் ஆல்பத்தைக் கொடுத்தாள். அட்டைகளை மாவுப் பசையால் கையில் கிடைத்த தாளில் ஒட்டிவைப்பது அன்றைய வழக்கம். அவர் ஒட்டியிருந்தது அச்சகத்தின் வேலைக் குறிப்பேட்டுத் தாளில். நீலத் தொப்பிக்காரனின் அட்டைக்குப் பக்கத்தில், தாளில், "சிகரெட் அட்டை, நீலம்" என்று ஊதாப் பென்சிலில் அவரே எழுதிய எழுத்து. மீதி வரி அட்டைக்கு அடியில். நூலகத்தில் தாள் செப்பனிடும் பெண் வியாழக்கிழமை பிரித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் ஒரு படம் எடுத்துவைக்கலாமென்று, நல்ல கேமரா வைத்திருந்த நண்பர் ஹார்லனிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை ஹார்லன் வந்தார். கையில் அட்டை மட்டும்.

"பாருய்யா! பின்னாடி ஒரு பொட்டுப் பசை இல்ல. வெதுவெதுன்னு தண்ணில ரெண்டு மணி நேரம், தானா கழண்டுடுச்சு."

"தாள் எங்க?"

"அதுவா? கூழாப் போச்சு. ஊதாச் சாயம் வேற. நல்லவேளை, அட்டைல ஏறல."

"படம்?"

"அழுக்கோட எதுக்குய்யா படம்?"

வெண்டல் கத்தினார். "உன்ன படம் எடுக்கத்தானே சொன்னேன்? சோப்புப் போட்டியா? தலை துவட்டி விட்டியா?"

"எல்லாரும் பண்றதுதானே! நீ ஊற வைக்காத அட்டையா?"

அதுதான் சுருக்கென்றது. இருபது வருடமாக அவரும்தான் ஊறவைத்திருக்கிறார். எத்தனை தாள் கூழாயிற்று, அவற்றில் என்ன எழுதியிருந்தது? ஒருநாளும் பார்த்ததில்லை. கோபம் இரட்டிப்பாயிற்று, யார்மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அட்டை கைமாறிக்கொண்டே போனது. "பளிங்கு மாதிரி இருக்குப்பா!" என்றார்கள். சங்கத்தின் பட்டியலை எழுதுவது வெண்டலின் பொறுப்பு.

"அச்சான இடம் நியூயார்க்னு போட்டுடு," என்றார் தலைவர். "உன் ரிச்மண்டுக்குத்தான் சாட்சி இல்லையே."

"இருந்துச்சு. இவன் குளிப்பாட்டியே கொன்னுட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தார்.

வெண்டல் அச்சான இடத்துக்கான கட்டத்தில் அழுத்தி எழுதினார்: "சாட்சி ஹார்லன் ஸ்டீகலின் சமையலறையில் கரைந்தது. இதற்கு முந்தியவை என் சமையலறையில்."

"இதெல்லாம் அச்சுல போட முடியாதுய்யா," என்றார் தலைவர்.

"அப்ப எழுத வேற ஆளப் பாருங்க."

பட்டியலை மேசைமேல் போட்டுவிட்டு ஹார்லனிடம் திரும்பினார். "கிளம்பு. ஓபல் வீட்டுக்கு. அவங்கப்பா எழுத்து எங்க போச்சுன்னு நீயே உன் வாயால சொல்லு."

ஹார்லனின் சிரிப்பு நின்றது. ஆனால் எழுந்திருக்கவில்லை. வெண்டல் ஆணியில் தொங்கிய அவருடைய கோட்டை எடுத்து அவர் மடியில் வீசினார்.