அண்ணி அழித்த கோப்புறைகள்

அண்ணியை நினைத்தால் முதலில் வருவது ஒரு பிற்பகல். மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் எங்கள் வீட்டு முன்னறை. மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம். அடுத்த வீட்டு முற்றத்தில் பாயில் காயப்போட்ட கராம்பை யாரோ அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை சன்னல் வழியாக வந்து அறை முழுதும் நின்றது. காலையிலிருந்து நாங்கள் இருவரும் கணினியின் முன்னால் உட்கார்ந்து கட்டிய மென்பொருள் பொதி ஒருவழியாக வேலை செய்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் தேத்தண்ணி போட எழுந்து போனேன். கோப்பைகளோடு திரும்பி வந்தபோது, பொதியைக் கட்டிய கோப்புறை முழுவதையும் அண்ணி ஒரே கட்டளையில் அழித்துவிட்டிருந்தார்.

"ஐயோ அண்ணி, அழிச்சிட்டீங்களா? காலையிலேர்ந்து செஞ்சதுங்க!"

"ஓம். உண்மையா வேலை செய்யுதோ எண்டு இனித்தான் பாக்கோணும்," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தேத்தண்ணியத் தாரும் மச்சாள்."

அண்ணனும் அண்ணியும் பேராதனையில் படிக்கும்போது பழகித் திருமணம் செய்துகொண்டவர்கள். அண்ணி வடக்கே, கிளிநொச்சிப் பக்கம். நாங்களோ இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் பிறந்து, அப்பாவின் கிளார்க் உத்தியோகத்தோடு மாத்தளைக்கு இறங்கி வந்தவர்கள். கணவரின் தங்கையான என்னை 'மச்சாள்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். எங்கள் பக்கம் புழங்காத அந்தச் சொல் அவர் வாயில் ஏதோ பட்டப்பெயர் போல, தனியாக எனக்கென்று வைத்தது போல இருந்தது. நான் கணினி டிப்ளோமா முடித்திருந்தேன். அவர் பொறியியல் படித்திருந்தார். இலவச இயங்குதளத்தில் தமிழில் தட்டச்சு செய்வதற்கான மென்பொருள் ஒன்றை, உலகில் எங்கெங்கோ இருந்த தமிழர் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் விசைப்பலகைக்கான நிரலை நான் எழுதினேன். எல்லோரும் எழுதியதைச் சேர்த்து, எவரும் தம் கணினியில் நிறுவக்கூடிய பொதியாகக் கட்டுவது அண்ணியின் வேலை.

கையால் எழுதிய நிரல் மட்டும்தான் மூலம். அதைக் கணினிக்குப் புரியும்படி கட்டும்போது இடைக்கோப்புகள் ஏராளமாகப் பிறக்கும். கவனிக்காவிட்டால் அவை மூலக் கோப்புகளுக்கு நடுவிலேயே வந்து குந்திக்கொள்ளும். நாளடைவில் எது நாம் எழுதியது, எது இயந்திரம் துப்பியது என்று தெரியாமல் போகும். எழுதியதெல்லாம் பதிப்புக் களஞ்சியம் ஒன்றில், தொலைதூரத்துக் கணினியில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பதிவாகச் சேர்ந்துகொண்டிருக்கும். அண்ணி அங்கிருந்து புதிதாக ஒரு பிரதி எடுப்பார். வேறொரு வெற்றுக் கோப்புறையில் வைத்துக் கட்டுவார். பொதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவார். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்வார். "ட்ரீ சுத்தமா இருக்கோணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கிளை கிளையாகப் பிரியும் அந்தக் கோப்புகளின் கூட்டத்தைத்தான் ட்ரீ என்போம். கட்டும்போது விழும் குப்பை ஒன்றும் அதில் ஒட்டக்கூடாது.

இது வீண் சுத்தம் இல்லை என்று எனக்குப் புரிந்த நாளும் நினைவிருக்கிறது. ரிவர்ஸ்டன் போகும் வழியிலுள்ள தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பழைய கணினிகள் சில வந்திருந்தன. அவற்றில் எங்கள் பொதியை நிறுவிப் பார்க்கப் போயிருந்தோம். தேயிலைக்கு மேல் மிஸ்ட் என்ற மூடுபனி இறங்கி, வகுப்பறைக்குள்ளேயே புகுந்து, திரையின் வெளிச்சத்தைச் சுற்றி வெள்ளையாக நின்றது. தமிழ் படிப்பிக்கும் வாத்தியார் ஆசையோடு தன் பெயரைத் தட்டினார். 'ஸ்ரீ' என்று தொடங்கும் பெயர். அந்த எழுத்து மட்டும் வெற்றுக் கட்டமாக விழுந்தது.

"எல்லாம் வருது, நான் மட்டும் வர மாட்டேங்கிறேனே," என்று சிரித்தார் அவர்.

எங்கள் வீட்டுக் கணினியில் அந்த எழுத்து அழகாக வந்தது. காரணம் தேடியபோது, அதற்கு வேண்டிய கோப்பு ஒன்று வீட்டுக் கணினியில் மட்டும் கிடந்தது தெரிந்தது. யாரோ எப்போதோ போட்டது. களஞ்சியத்தில் பதிவாகவே இல்லை. அதற்குப் பிறகு அண்ணி இன்னும் கடுமையானார். "எங்கட வீட்டில வேலை செய்தால் காணாது. ஒண்டும் இல்லாத இடத்தில வேலை செய்யோணும்" என்றார். அந்தி சாயும் முன், கணினியை மூடுவதற்கு முன், அன்றைக்கு எழுதியதைக் களஞ்சியத்தில் பதிந்துவிட வேண்டும் என்பதும் அப்போது வந்த வழக்கம்தான்.

எங்கள் வீட்டு வாசலில் ஓடிய வீதிதான் அண்ணியின் அப்பா அம்மா வீட்டு வழியாகவும் ஓடியது. யுத்தம் ஓய்ந்து பாதை திறந்திருந்த நாட்களில் அண்ணி வாசலில் பஸ் ஏறி, வவுனியாவில் மாறி, பிறந்த வீட்டுக்குப் போய்வந்தார். கடைசிப் பயணத்தில் அண்ணனின் நண்பர் ஒருவரின் டிஜிட்டல் கமராவைக் கொண்டுபோயிருந்தார். திரும்பி வந்து படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகக் காட்டினார். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, சங்கிலியோடு மல்லுக்கட்டும் அப்பா. கமராவைப் பார்க்க மறுத்துக் கிணற்றைப் பார்க்கும் அம்மா. முற்றத்தில் விழுந்த அப்பாவின் நிழலை மட்டும் ஒரு படம். பிறகு யுத்தம் மறுபடி மூண்டு பாதை மூடியது. கடிதம் வருவது குறைந்தது. ஒரு கட்டத்தில் தொலைபேசியும் நின்றது. அண்ணி சில வேளைகளில் சன்னலருகே நின்று வடக்கே போகும் லொறிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து கட்டத் தொடங்குவார்.

அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கணினி அறையைத் திறந்துவைக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்திய வாரம் ஒரு காலையில் இராணுவத்தினர் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்துச் சோதனை நடத்தினார்கள். அண்ணியின் அடையாள அட்டையில் இருந்த ஊரைப் பார்த்ததும் வந்தவர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். திரையில் தமிழ் எழுத்துகளும் புரியாத குறிகளுமாக நிரல் ஓடிக்கொண்டிருந்தது.

"நங்கி, இது என்ன?" என்று, தங்கையைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் கேட்டார் அவர்களில் மூத்தவர்.

பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்வதற்கானது என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதையாகத்தான், பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று சொல்லிக் கணினியைத் தூக்கச் சொன்னார். அண்ணியை விட்டுவிட்டுப் போனார்களே, அந்த நேரத்தில் எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஜீப் போன பிறகு மேசையில் தூசி பிடிக்காத சதுரம் ஒன்று மட்டும் கிடந்தது. அண்ணன் வேலையிலிருந்து ஓடி வந்தார். நான் அழுதேன். இத்தனை நாள் எழுதியதெல்லாம் போயிற்று, பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றேன்.

"வேலை ஒண்டும் போகேல்லை, அழாதையும்," என்றார் அண்ணி. "நேற்று மூடேக்க எல்லாம் பதிஞ்சனாங்கள்தானே. வெளிக்கிடும், டவுனுக்குப் போவம்."

மாத்தளை டவுனில் நானா என்று எல்லோரும் கூப்பிடும் முஸ்லிம் ஒருவர் வைத்திருந்த கொமியுனிகேஷன் என்ற தொலைபேசி, இணையக் கடையின் பின்பக்கத்தில் பழைய கணினி ஒன்று இருந்தது. முன்பொரு முறை அது பழுதானபோது அண்ணிதான் எங்கள் இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுத்திருந்தார். நாங்கள் போய் நடந்ததைச் சொன்னதும் நானா முன்பக்கத்துப் பையன்களின் கணினிகளுக்கு இணைப்பை நிறுத்திவிட்டு, "லைன் முழுக்க ஒங்களுக்குத்தான் தங்கச்சி, இருந்து செய்ங்க" என்றார். களஞ்சியத்திலிருந்து கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. தகரக் கூரையில் மழை. நான் எழுதியவை, யாரோ தொலைவில் எழுதியவை, நான் மறந்தே போனவை எல்லாம் பெயர் பெயராகத் திரையில் ஏறி மறைந்தன. கனவில் தெரிந்த முகங்கள் வரிசையாகக் கடந்து போவது போல இருந்தது. எங்கள் விரல் படாத அந்தக் கணினியில், வெற்றுக் கோப்புறையில், அண்ணி கட்டத் தொடங்கினார். ஒரு இடத்திலும் நிற்காமல் கட்டி முடிந்தது. நான் 'ஸ்ரீ' என்று தட்டினேன். வந்தது.

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே தங்கிவிட்டது, எடுத்து வைக்க மறந்தது போல.

"மச்சாள், படங்கள் உதுக்குள்ள இல்லை," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அப்பா அம்மான்ர படங்கள். எங்கட கணினியில மட்டும்தான் கிடந்தது. சொந்தப் படத்தை ட்ரீக்குள்ள போடக்கூடாதுதானே. வேற இடத்தில வைக்கவும் இல்லை."

மழை விடும் வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நானா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

குறித்த நாளில் பள்ளிக்கூட அறை திறந்தது. பிள்ளைகள் தள்ளுமுள்ளுப்பட்டுத் தங்கள் பெயர்களைத் தட்டினார்கள். வாத்தியார் தன் பெயரைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்துவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணி கதவோரம் நின்று பார்த்தார். எங்கள் கணினி பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. உள்ளே இருந்த வன்தட்டு வெறுமையாக இருந்தது. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், அண்ணியின் அம்மா முகாமில் இருப்பதாக ஒரு தகவல் வந்தது. அண்ணன் அலைந்து திரிந்து, கடைசியில் ஒரு காலையில் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். அப்பா வரவில்லை. எங்கே, எப்படி என்று அம்மா ஒரே ஒரு முறை சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அண்ணி அவரை முழுக வார்த்து, என் கவுன் ஒன்றைக் கொடுத்து, முன்னறைச் சன்னலோரம் கதிரையில் உட்காரவைத்தார். பிறகு தன் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தார். அம்மா இந்த முறை வேறெங்கும் பார்க்கவில்லை. நேரே பார்த்தார்.

மறுநாள் களஞ்சியத்தைத் திறந்தேன். கடைசிப் பதிவு அண்ணியுடையது. வழமையாக ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன், எதற்கு என்று நீளமாகக் குறிப்பு எழுதுபவர், 'அம்மா' என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தார். மூலக் கோப்புகளின் நடுவே ஒரு படம் இருந்தது. எங்களோடு எழுதிக்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவன் ஒருவன், இது தவறுதலாக ஏறிவிட்டதா, எடுத்துவிடவா என்று கேட்டு எழுதினான். தவறுதல் இல்லை, இப்போதைக்கு இருக்கட்டும் என்று நான் பதில் போட்டேன்.

அடுத்த பொதி கட்டுவதற்கு முன் அண்ணியே அதை நீக்கினார். 'தேவையற்ற கோப்பு நீக்கம்' என்று முறையாகக் குறிப்பு எழுதினார். அண்ணனும் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் எடுத்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"பொதிக்கு ஏன் படம்? ட்ரீ சுத்தமா இருக்கோணும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எடுத்தாலும் அது போகாதுதானே மச்சாள். பழைய பதிப்பில கிடக்கும். களஞ்சியத்தைப் பிரதி எடுக்கிற ஆக்கள் எல்லாரிட்டையும் கிடக்கும்."

இப்போது நான் கொழும்பில் வேலை செய்கிறேன். பொதி கட்டும் வேலையை எங்கள் அலுவலகத்தில் மனிதர் எவரும் செய்வதில்லை. வெற்று இடமொன்றை உருவாக்கி, கட்டி, அழித்து, மறுபடி கட்டும் இயந்திரங்கள் பகலிரவாக ஓடுகின்றன. அண்ணனும் அண்ணியும் மாத்தளையில்தான். அம்மா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அண்மையில் புதிய மடிக்கணினி வாங்கியபோது, அந்தப் பழைய களஞ்சியத்தையும் ஒரு பிரதி எடுத்தேன். முன்பு ஒரு பிற்பகலைத் தின்றது, இப்போது கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. பதிவுகளின் வழியே மெல்லப் பின்னோக்கிப் போய் அந்த ஒரு சொல்லில் நின்றேன். திறந்தேன். என் கவுனில், அலுவிகாரையின் காலை வெளிச்சத்தில், அம்மா.

அண்ணிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணி, இப்பதான் அம்மாவப் பாத்தேங்க."

"ஓம், நானும் இடைக்கிட போய்ப் பாக்கிறனான்," என்றார். அந்தப் பக்கம் லொறி ஒன்று போகும் இரைச்சல் கேட்டது. அது தேய்ந்த பிறகு அண்ணி சொன்னார்:

"அப்பாவையும் போட்டிருக்கலாம், மச்சாள்."