ராஜாவுக்குப் பத்து

மூன்றாவது படிக்கும் என் மகளின் பையில் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. டிபன் பாக்ஸை எடுக்கப் போன கையில் அது தட்டுப்பட்டது. எங்கள் வீட்டுக்குள் சீட்டு வரவே கூடாது.

காரணம் என் வீட்டுக்காரர். கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். அந்த ரயிலில் மடியில் பேப்பரை விரித்து ரம்மி ஆடுகிற கோஷ்டி உண்டு. மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து நான் ஆஸ்பத்திரியில் தனியாகத் தவித்த அன்று, இந்த மனுஷன் ஆட்டம் முடியவில்லை என்று இங்கே இறங்காமல், அதே வண்டியில் பொன்னேரி வரைக்கும் திரும்பிப் போயிருந்தார். பிறகு மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இனி சீட்டைத் தொட்டால் நானும் பிள்ளையும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம் என்றேன். சும்மா சொல்லவில்லை.

"டீச்சர் குடுத்தாங்கம்மா. கணக்கு விளையாட்டு," என்றாள் மகள். நான் நம்பவில்லை. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.

டீச்சர் சிரித்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு எடுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். பெரிய எண் வந்தவர் ஜெயித்தவர். விரல் மடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது மனக்கணக்காகச் சொல்கிறார்களாம். "ஜாக்கி பதினொண்ணு, ராணி பன்னெண்டு, ராஜா பதிமூணு. உங்க பொண்ணு மட்டும் ராஜாவுக்குப் பத்துன்னு அடம் புடிக்கிறா. வீட்ல யாராச்சும் ரம்மி ஆடுவாங்களா?"

எனக்கு முகம் சுட்டது. படம் போட்ட சீட்டுக்கெல்லாம் பத்து என்பது ரம்மிக் கணக்கு. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளாகவே அவர் மேல் எனக்குச் சந்தேகம். தினமும் கால் வலி என்று தைலம் கேட்டார். போகும்போது இங்கே ஏறுகிறார், வரும்போது சென்ட்ரலில். இரண்டுமே வண்டி புறப்படும் இடம், உட்கார இடம் கிடைக்காமல் போகாது. உட்கார்ந்து போகிறவருக்குக் கால் ஏன் வலிக்கிறது? ஏதோ பொய் இருக்கிறது. அந்தப் பொய் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கட்டைப் பிரித்து நடுவில் வைத்தேன். அப்பா அம்மாவோடு ஆட வேண்டும் என்பதுதான் வீட்டுப்பாடம். அவர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். "நான் தொடமாட்டேன். நீங்க ஆடுங்க." நடிப்பு கொஞ்சம் ஓவர் என்று பட்டது.

மகள் ஒரு ராஜாவையும் ஏழாம் நம்பர் சீட்டையும் எடுத்தாள். "பதினேழு."

"ராஜாவுக்குப் பத்துன்னு உனக்கு யாரு சொன்னது?" கேட்டது அவளை, பார்த்தது அவரை.

"ரயில்ல பாத்தேன்." கண் டாக்டரிடம் காட்ட அவர் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போன அன்று.

"அப்பா ஆடினாரா?"

"இல்லம்மா. அவங்கதான் 'வா நைனா, ஒரு கை கொறயுது'ன்னு கூப்டுக்கினே இருந்தாங்க. அப்பா என்னை ஜன்னலாண்ட குந்த வச்சிட்டு, கதவாண்ட போய் நின்னுக்கினாரு. டெய்லி அங்கதான் நிப்பாராம். அந்த மாமாங்க சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நான்தான் ஆட்டத்தைப் பாத்துக்கினே வந்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஏன், வேற பொட்டில ஏறக்கூடாதா?" என்றேன். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

"எந்தப் பொட்டில ஏறினாலும் ஒரு கோஷ்டி கீது. குந்தினா கை தானா சீட்டுக்குப் போயிடும்."

"இத்த ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன்.

டீச்சர் சொன்னபடி ராஜாவுக்குப் பதிமூன்று என்று மகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு சீட்டை அவர் பக்கம் தள்ளினேன். "எடு. கணக்குக்குத்தான்." அவர் மகள் தலையைப் பார்த்தார், எடுக்கவில்லை. மகளே அவருக்காகத் திருப்பிப் போட்டாள். ராஜாவும் மூன்றும்.

"பதினாறு," என்றார், தொடாமலே.

நான் தைலத்தை எடுத்துவந்து அவர் காலை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதும் என் கண் ஒரு தடவை அவர் விரல்களுக்குப் போய்த்தான் வந்தது.