மாம்பழம் விழுந்த கேமரா

என் கணவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். ரோல் கேமராக்களுக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த வருஷங்களில், சிங்கப்பூரில் இருந்த தன் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய டிஜிட்டல் கேமராவை வரவழைத்தார். பீரோவில் அதற்குத் தனித் தட்டு. எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம், எனக்கென்று தட்டு கிடையாது. உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வார். எங்கள் கடலோரத் தலத்தெருவின் வெக்கையில் நாங்கள் வெந்துபோனால் பரவாயில்லை. குளிப்பாட்டாத குறையாக அதைத் துடைத்து மூடிவைப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? இருக்கவில்லை.

எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவில் சாமி வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். அதைப் பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அந்த வருஷம் மாமியார் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: "ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிச்சுட்டு வாடா." இரண்டு கையிலும் கேமரா பிடித்திருக்கும் ஆளிடம் சொல்லக்கூடிய சொல்லா இது?

மாடியில் கூடையைக் கவிழ்த்த ஒருவரைப் படம் எடுக்க இவர் அண்ணாந்து நின்றிருக்கிறார். நன்றாகக் கனிந்த பழம் ஒன்று, லென்ஸும் கேமராவும் சேருகிற இடத்தில் வந்து விழுந்து பிளந்தது. வீடு திரும்பியவர் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தார். மாமியாருக்கோ தலைகால் புரியவில்லை.

"ஊரே கைய நீட்டிக்கிட்டு நிக்கிறப்ப, தானா வந்து விழுந்திருக்குடா!"

ஸ்பூனால் கேமராவிலிருந்து சதையை வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். "முழுங்குடி. நாருன்னு துப்பிடாத."

முழுங்கினேன். கொஞ்சம் பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து இறங்கியது. பிள்ளை ஆசை எனக்கும் இருந்தது, தொண்டை வரைக்கும் இருந்தது. பேட்டரியை விழுங்கச் சொல்லியிருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

என் வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. கேமராவில் நடந்தது. நான்கு படம் ஒழுங்காக எடுக்கும், ஐந்தாவதற்கு 'எரர்' காட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். அதுவும் தாலி கட்டும் நேரமாகப் பார்த்து மூடும். கெட்டிமேளம் முழங்க இவர் அதைத் தட்டிக்கொண்டு நிற்பார். நெடுங்காட்டுக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையிடம், "இன்னொரு தடவ கட்டுறாப்புல புடிங்க தம்பி" என்று கேட்டு, பெண்ணின் தாய்மாமனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாரண்டி சிங்கப்பூரோடு சரி. லென்ஸைக் கழற்றிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். சர்வீஸ் சென்டரில் சுத்தம் செய்து கொடுத்தார்கள். திரும்பி வந்து மாட்டினால் அதே எரர். மறுபடியும் லென்ஸோடு சென்னை. உள்ளே மோட்டாரை மாற்றினார்கள். அதே எரர்.

"கேமராவையும் குடுத்துப் பாக்கலாம்லங்க?" என்று கேட்டேன்.

"கண்டவன் கைய வைக்கிற பொருளா அது? அது நல்லாத்தான் இருக்கு. கோளாறு லென்ஸுலதான்."

அதே மாதங்களில் நான் என் அம்மாவோடு டாக்டரிடம் அலைந்துகொண்டிருந்தேன். ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே அன்று வலி தாங்காமல் அம்மாவின் கையைக் கடித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்காரரை அழைத்து வா என்றார் டாக்டரம்மா. இவரிடம் சொன்னால், "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் என்னை நேராக ஒன்றும் சொன்னதில்லை. கொல்லையில் நின்ற கத்தரிச்செடியிடம் சொல்வார்: "தண்ணி மட்டும் நல்லாக் குடிக்கிற. காய்க்கத்தான் தெரியல."

மூன்றாம் முறை சென்னைக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கேமரா எங்க சார்?"

லென்ஸை அங்கேயே மாட்டிப் பார்க்க எடுத்துவந்த கேமரா இவர் தோள் பையில்தான் இருந்தது. "அதுல ஒண்ணும் இல்லம்மா."

"பாக்காம எப்படி சார் தெரியும்? ரெண்டும் சேந்துதான வேல செய்யுது? ஒண்ண மட்டும் எத்தன தடவ பிரிச்சாலும் கோளாறு எங்கன்னு தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. அந்தச் சிரிப்பே அழுகையாக மாறி, அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டும்படி ஆயிற்று. இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் திறந்து கேமராவைக் கொடுத்தார்.

உள்ளே சாறு இறங்கிக் காய்ந்து துருவேறியிருந்தது. இதைச் சரிசெய்வதைவிடப் புதிதே வாங்கிவிடலாம் என்று கைவிரித்துவிட்டார்கள். ஊர் திரும்பும் பஸ் கடலூரைத் தாண்டியதும் இவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம், "அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை பாப்பாங்க?" என்றார்.

பரிசோதித்துப் பார்த்ததில், கோளாறு இவரிடம்தான் இருந்தது. சில மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. கேமராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதை இவர் யாரிடமும் மூச்சு விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். மானம் பெரிது, ஆம்பளை மானம் அதைவிடப் பெரிது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். அவர் அம்மா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெண்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். இவர் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"கோளாறு எங்கிட்டத்தாம்மா. அவள இனிமே ஒண்ணும் சொல்லாத."