எங்கள் வீட்டு வண்டி முறை

எங்கள் ஊர் ஜெபவீட்டுக்குக் குருவானவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். மணியடிப்பது, பிரசங்கிப்பது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர். ஆனால் இராப்போஜனம், அதாவது கர்த்தரின் நினைவாக அப்பமும் ரசமும், கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். அதனால் குருவானவரை அருப்புக்கோட்டையிலிருந்து கூட்டிவர வீட்டுக்கு ஒரு முறை என்று வண்டி விடுவோம். யுத்த காலம் அது. கரியில் ஓடிய பஸ்ஸும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது.

அந்த ஐப்பசியில் முறை என்னுடையது. உபதேசியாரின் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்தார். "கண்ண மூடுறதுக்குள்ள ஒருதடவ இராப்போஜனம் வாங்கிரணும்" என்பதைத் தவிர அந்த அம்மாள் வேறெதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை வண்டி போகும் என்று நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். உபதேசியார் குருவானவருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

புதன்கிழமை மழை கொட்டியது. இரண்டு வருஷமாக ஏமாற்றிய மழை. சனிக்கிழமை கரிசல் விதைப்புக்குப் பதமாக இருந்தது. ஏர் பூட்டிவிட்டேன்.

உச்சிப்பொழுதில் உபதேசியார் வரப்பில் வந்து நின்றார்.

"வண்டி போகலையாங்க?"

"ஒரு நாள்ல என்ன உபதேசியாரே, நாளைக்கு விடியப் போயிருவேன். வெதப்பு நேரத்துல சம்சாரி கஷ்டம் ஒங்களுக்குத் தெரியாததா?" என்று எரிந்து விழுந்தேன்.

"சரிங்க" என்று திரும்பிப் போனார். எங்கள் வீடுகள் அளக்கிற கம்பிலும் சோளத்திலும் கஞ்சி குடிக்கிற மனுஷர். என்னை எதிர்த்துக் கேட்க அவருக்கு வாய் வருமா? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன், பாவி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் போய்விட்டதாக வந்து சொன்னார்கள். நுகத்தடியைப் பிடித்தபடியே நின்றேன்.

பத்து மணிக்குமேல் குருவானவர் வந்தார், நடந்து. சனிக்கிழமை முழுக்க வண்டியை எதிர்பார்த்துவிட்டு, விடியுமுன் கிளம்பியிருக்கிறார். அறுபது வயதுக்காரர். செருப்பு கையில் இருந்தது. முழங்கால்வரை கரிசல் அப்பியிருந்தது.

"வண்டிக்கு என்ன ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"மாட்டுக்குக் கால் சுளுக்கிருச்சுய்யா."

எப்படித்தான் வாயில் வந்ததோ அந்தப் பொய். என் நாக்கு அழுகியிருக்கலாம்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து எல்லாரும் ஜெபவீட்டில் உட்கார்ந்தோம். குருவானவர் உபதேசியாரின் ஆறுதலுக்காக ஜெபித்தார், மழைக்காக நன்றி சொன்னார். அப்புறம், "இந்தச் சகோதரனுடைய வாயில்லா ஜீவனின் காலையும் தேவரீர் சுகமாக்கும்" என்றார்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. என் மாடுகள் நாள் முழுக்க உழுததைப் பார்க்காதவர் ஊரில் இல்லை. பின்னால் யாரோ செருமினார்கள்.

"ஆமென்" என்றார் உபதேசியார், உரக்க. அவர் சொல்லவும் சபையும் சொன்னது.

மனைவியைப் புதைத்துவிட்டு வந்த கையோடு என்னைக் காப்பாற்றினார் அந்த மனுஷர். அப்போதாவது நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குருவானவர் இராப்போஜன அப்பத்தைக் கொண்டுவந்தபோது, எல்லாரையும்போல நானும் கையை நீட்டி வாங்கித் தின்றேன்.