பாதிரியாரின் கமேலியாவுக்குக் கவ்வாத்து

1957 பெப்ரவரி 13, புதன்கிழமை. ஹட்டனில் எங்கள் அங்கிலிக்கன் ஆண்கள் பாடசாலையில் வழக்கம்போல் காலைச் செபம், வரவு, ஆங்கில வாசிப்பு. கடைசிப் பாடம் ஏழாம் வகுப்புக்குத் தோட்டம். அது என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருவதாக இருந்தது. பாடசாலை அதிபர் ஒரு பாதிரியார். கோயில் பாதையோரம் அவர் வளர்த்த கமேலியாச் செடிகள் நிறைய மொட்டு விட்டிருந்தன. பீடத்துக்கு அந்தப் பூதான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பாதி வகுப்போடு முட்டைக்கோவாப் பாத்தியில் நின்றேன். மறுபாதியிடம் அதிபரே, "செடியெல்லாம் கொஞ்சம் வெட்டி அழகு பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மணி அடித்தபின் வந்து பார்த்தேன். தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுவதுபோல் எல்லாச் செடியும் முழங்கால் உயரத்தில், மேசைபோல் தட்டையாக நின்றன.

"என்னடா இது?"

"கவ்வாத்துங்க சார்" என்றான் தேயிலைத் தோட்டத்துப் பையன் மாரிமுத்து, பெருமையோடு. "எங்கப்பாகூட இவ்வளவு மட்டமா வெட்ட மாட்டாரு. இனிமே பாருங்க, கொழுந்து பிச்சுக்கிட்டு வரும்!"

அதிபரும் வந்துவிட்டார்.

"பிஷப்புக்குக் கொழுந்தா பறிச்சுக் குடுக்கப் போறீங்க, மாஸ்டர்? நாளையிலேருந்து தோட்டப் பாடம் வேணாம். அந்த நேரத்துல லத்தீன்."

உடனே போய் நேரசூசிப் பலகையில் சோக்கால் எழுதியும் விட்டார். மாரிமுத்துவின் முகம் சுருங்கியது. ஆங்கிலத்திலும் கணக்கிலும் குட்டு வாங்கும் பையன்கள் தலை நிமிர்ந்து நடப்பது அந்த ஒரு பாடத்தில்தான்.

"வெட்டின கிளையெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"பசங்க கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க சார். கவ்வாத்து மிலாறுக் குச்சி அடுப்புக்குத்தானே?"

"லயத்துல வீடு வீடா ஓடு. மொட்டு இருக்கிற கிளை எல்லாம் காலையில இங்க வரணும்."

"இந்நேரம் சோறே வெந்திருக்கும் சார்!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பையன்களிடம் செடியை வெட்டச் சொன்னால், எந்த உயரத்துக்கு என்பதையும் சொல்லுங்கள்.

மறுநாள் காலை பையன்கள் வரிசையாக வாளி சுமந்து வந்தார்கள்.

"மொட்டோட இருக்கிறத எப்படிடா எரிக்கிறதுன்னு எங்கம்மா தண்ணியில போட்டுட்டாங்க சார். மத்த வீட்லயும் அப்படித்தாங்க" என்றான் மாரிமுத்து.

அடுப்படிச் சூட்டில் அவன் வாளியில் இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. அதிபர் வாளிகளை ஒருமுறை சுற்றி வந்தார்.

"லத்தீன் எங்கயும் ஓடிப் போகாது, மாஸ்டர்."

அன்று செபத்துக்கும் முன்னால் நடந்த முதல் வேலை அதுதான்: நேரசூசியில் தாம் எழுதியதை, தம் வெள்ளை அங்கியின் கையாலேயே துடைத்தார்.