லிம்பானியின் உறுப்பினர் அட்டை

சந்தை வாசலை நெருங்கும்போது எனிஃபா ரவிக்கையின் இடது பக்கத்தை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். மற்ற பெண்கள் ஒரு தடவைதான் தொடுவார்கள். நாட்டிலிருந்த ஒரே கட்சியின் உறுப்பினர் அட்டையை எல்லோரும் அங்கேதான் செருகி வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள் கருவாட்டுக் கூடையைக் காலால் எத்திவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பேருந்தில் ஏறவும் அட்டை வேண்டும். எனிஃபா முதலில் தொடுவது அவளுடைய அட்டையை. இரண்டாவதாகத் தொடுவது லிம்பானியுடையதை.

மலாவி ஏரிக்கரையில் சிபெம்பே என்ற மீன்பிடி ஊர் அது. புருஷன் சவுலோசி படகில் போவான். பிடித்து வரும் உசிப்பாப் பொடிமீனை அவள் பரணில் காயவைத்து விற்பாள். எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, கிளைச் செயலாளர் கச்சிங்வே நோட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"வயித்துல இருக்கிறதுக்கும் ஒரு அட்டை போடணும் எனிஃபா. மேலிடத்து உத்தரவு."

"இன்னும் பொறக்கவே இல்லையே அண்ணே."

"உள்ள இருந்தாலும் இந்த நாட்டுக்குள்ளதானே இருக்கு? பேரைச் சொல்லு."

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சவுலோசி சிரித்துக்கொண்டே, "லிம்பானின்னு எழுதுங்க" என்றான். திடமாக இரு என்று அர்த்தம்.

பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அப்படிப் பிறந்தவற்றுக்கு அந்த ஊரில் பெயர் கிடையாது, அழுகை கிடையாது, ஆண்கள் பக்கத்தில் வரக்கூடாது. பிரசவம் பார்த்த பெண்களே துணியில் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் வாழைப்புதருக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார்கள். "வாயைத் தொறந்து அழுதுடாதே. அடுத்தது தங்காது" என்றார்கள். எனிஃபா வாயைத் திறக்கவில்லை. மார்பில் கட்டிய பாலைப் பிழிந்து மண்ணில் விட்டாள்.

நாற்பது நாள் கழித்து அட்டையை எடுத்துக்கொண்டு கச்சிங்வேயிடம் போனாள்.

"இந்தப் பேரை அடிச்சிடுங்க அண்ணே."

அவர் அட்டையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம கிளையில நானூத்தி பன்னெண்டு பேருன்னு எழுதி அனுப்பியாச்சு. இந்த எண்ணிக்கை ஏறலாம், இறங்கக் கூடாது. ஒருத்தர் குறைஞ்சா யாரு கட்சியை விட்டுப் போனான்னு கேப்பாங்க. உனக்கும் வம்பு, எனக்கும் வம்பு. இருக்கான்னே வச்சுக்கோயேன்."

அப்படித்தான் லிம்பானி இருந்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் மாமரத்தடியில் பெயர் வாசித்துப் புது அட்டை கொடுப்பார்கள். "லிம்பானி சவுலோசி!" என்று கச்சிங்வே உரக்கக் கூப்பிடுவார். "இருக்கான்" என்பாள் எனிஃபா. முதல் இரண்டு வருஷம் அந்தச் சொல்லைத் தலை குனிந்துதான் சொன்னாள். பிறகு அவனுக்கு அடுத்து இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து ஓடியாடியபோதும், ஜனவரி எப்போது வரும் என்று அவள் மனம் காத்திருக்கத் தொடங்கியது. வேறு எங்கேயும் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சவுலோசிக்கு அது பிடிக்காது. "போனதை ஏன் வருஷா வருஷம் எழுப்பிக்கிட்டிருக்கே?" என்பான். அவள் புது அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள்.

பதினேழு அட்டைகள் சேர்ந்த வருஷம் மாவட்டத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. பதினேழு வயது நிரம்பிய ஆண்கள் எல்லோரும் இளைஞரணிப் பயிற்சி முகாமுக்கு வரவேண்டும். சிபெம்பேயிலிருந்து ஆறு பெயர். நாலாவது பெயர் லிம்பானி.

கச்சிங்வே அன்று மத்தியானமே ஓடி வந்தார். தலை நரைத்துப்போயிருந்தது. பட்டியலை நீட்டினார்.

"செத்துட்டான்னு உண்மையைச் சொன்னா, பதினேழு வருஷமா பொய்க் கணக்கு குடுத்தேன்னு என்னைத் தூக்கிடுவாங்க. ஓடிட்டான்னு சொன்னா, அவன் எதிரிங்களோட சேந்துட்டான்னு உன் புருஷனைத் தூக்கிடுவாங்க."

"இப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்றான் சவுலோசி.

"சாகடிச்சிடுவோம். போன வாரம் பெரியப்பன் ஊர்ல படகு கவுந்து ஏரியில போயிட்டான். நாலாம் நாள் உடம்பு கெடைச்சுதுன்னு சொல்லிடுவோம். அந்தப் பெட்டியைத் தொறந்து காட்டுன்னு எவனும் கேக்கமாட்டான். உள்ள ரெண்டு மூட்டை மணலைப் போட்டுடுங்க."

ஊரே ஒத்துக்கொண்டது. கிளைக் கணக்கில் இப்படி ஒரு பொய் இல்லாத வீடு எது? பெட்டி செய்தார்கள். அண்டாவில் மக்காச்சோளக் களி கிண்டினார்கள். சவுலோசி மணல் மூட்டைகளை உள்ளே வைத்து ஆணி எடுக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் எனிஃபா மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"என் புள்ள படுக்கிற எடத்துல மண்ணு மூட்டையா?"

பதினேழு அட்டைகளையும், அவன் பிறப்பதற்கு முன்னால் அவனுக்காக எடுத்து வைத்த சின்னத் துணியையும் பெட்டிக்குள் வைத்து அவளே மூடினாள். அதற்குள் மாவட்ட இளைஞரணி அமைப்பாளரின் ஜீப் வந்துவிட்டது. பேச நேரமில்லை.

நாலு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கியதும் அது ஒரேயடியாகத் தோளுக்கு மேலே எகிறியது. முன்னால் பிடித்திருந்த சவுலோசியின் படகுக் கூட்டாளி, நெடி என்பவன், சட்டென்று முழங்காலை மடித்து, "ஐயோ, கனக்குதே" என்று முனகினான். மற்ற மூவரும் மூச்சிரைத்தார்கள். அமைப்பாளர் குழிமேட்டில் நின்று, "கட்சி ஒரு நல்ல தொண்டனை இழந்துவிட்டது" என்று பேசினார். எனிஃபா அப்போதுதான் வாயைத் திறந்தாள். பதினேழு வருஷமாக அடைத்து வைத்திருந்த குரல் அது. அமைப்பாளர்கூடத் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு மாதம் போயிற்று. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சவுலோசி நெடியிடம் சொல்லியிருந்தான். நெடி சந்தைப் பக்கம் சாராயக் குடிசையில் உட்கார்ந்து, "நான் தூக்குன பெட்டியில இருந்தது பொணம் இல்லடா, வெறும் கட்சி அட்டை. பூனைக்குட்டி கனம்கூட இல்ல" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை அவனைப் பிடித்துக் கிளை அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். எனிஃபாவையும் கூப்பிட்டார்கள்.

அமைப்பாளர் மேசையைத் தட்டினார். "இவன் கட்சியைக் கேலி பண்றான். உனக்குப் புள்ளையே இல்லைங்கிறான். லிம்பானின்னு ஒருத்தன் இருந்தானா, இல்லையா?"

நெடி தரையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்திருந்தது. "அக்கா..." என்றான்.  கச்சிங்வே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சவுலோசியும் பெண் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"இருந்தான்" என்றாள் எனிஃபா.

நெடியை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஓட்டுப் போட்டு அந்தக் கட்சியை இறக்கினார்கள். சிறைகளைத் திறந்தபோது நெடியின் மனைவி ஃபலேசி மூன்று ஊர் போய்ப் பார்த்தாள். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. கச்சிங்வே படுக்கையில் செத்தார். சவுலோசியும் போய்ச் சேர்ந்தான்.

எனிஃபாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. சந்தையில் அட்டை கேட்க யாரும் இல்லை. ஆனாலும் வாசலில் கை இரண்டு தடவை மார்புக்குப் போகிறது. கல்லறை மேட்டில் லிம்பானி என்று எழுதிய பலகை சாய்ந்து நிற்கிறது. நெடிக்குக் குழி இல்லை. ஃபலேசி இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். இருவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். எனிஃபா வருவதைப் பார்த்தால் ஃபலேசி பாதிக் குடத்தோடு எழுந்து போய்விடுகிறாள்.