குறைந்துபோன இரண்டு பெட்டி நீலம்

மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் ஏறிக் கண்ணை மூடினால் போதும், எங்கள் ஹாலில் இன்னும் போடாத கடல் நீல டைல்ஸ் மேல் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன். தரையை அளந்து, சரியாக அந்த அளவுக்கே டைல்ஸ் வாங்கினேன்.

பாதி வேலையில் மேஸ்திரி, "இன்னும் ரெண்டு பெட்டி வேணும்மா. செவுரோரம் வெட்டுறதுல ஜாஸ்தி வேஸ்ட் போவுது" என்றார். கடையில் அந்த நீலம் தீர்ந்திருந்தது. கூடுதல் விலைக்கு வெளிர் நீலம்தான் கிடைத்தது.

"தோல் கட்டிங்ல இருந்துகினு இது கூடவா தெரியல?" என்றார் கணவர். சுருக்கென்றது. தினமும் தோலில் எவ்வளவு கழிவு போகும் என்று பார்ப்பவள்தான் நான். ஆனால் என் கனவில் சுவரோரமே வரவில்லை.

அடுத்து சமையலறைத் தரை. வெட்டுக்கழிவையும் சேர்த்து எத்தனை பெட்டி வேண்டும் என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் கண்ணை மூடுகிறேன்.